ஒன்று புள்ளி எட்டு

சோஹாரில் மழை பெய்து
பதினான்கு மாதம் ஆகிறது.
என் வேலை என்னவோ
மழையை எண்ணுவது.

எங்கோ பராகுவேப் பக்கம் ஒரு வயலில்
பூக்கிற வாரம் பெய்திருக்கிறது ஒன்று.
அது ஊதா.
அறுவடை இயந்திரம் வரத் தாமதித்தபோது
நெற்றுக்குள் இறங்கியிருக்கிறது இன்னொன்று.
அது சுண்ணாம்பு வெள்ளை,
விரலில் எடுத்தால் பொடி.

இரண்டு மழையும் நாற்பது நாள் கடல் தாண்டி
என் எனாமல் தட்டில் உருள்கின்றன.
மஞ்சள் மஞ்சள் மஞ்சள்
ஊதா.
சோயா மணிக்கு ஒரு கண் உண்டு.
கறை அங்கேதான் தொடங்கும்,
பிறகு கன்னத்துக்கு வழியும்.
நாவற்பழம் தின்ற நாக்கின் நிறம்.

நூற்று இருபத்தைந்து கிராம்.
அதற்குள் ஊதா இரண்டு சதவீதம் தாண்டினால்
ஐம்பத்திரண்டாயிரம் டன்னுக்கும் விலை இறங்கும்.
காலையில் வாங்குகிறவரின் தரகர் பின்டோ:
"மேடம், நல்லாப் பாருங்க."
மாலையில் விற்கிறவரின் ஆள்,
அதே வாக்கியம்,
வேறு அர்த்தம்.

எண்ணினேன்.
ஒன்று புள்ளி எட்டு.
இரண்டுக்கும் இதற்கும் நடுவே
இரண்டே மணிகள்.
அந்த இரண்டும் தட்டின் ஓரத்தில்
பாதி ஊதா, பாதி மஞ்சளாய்
என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தன.
பாதிக்கு மேல் இருந்தால்தான் கறை என்கிறது விதி.
பாதிக்கு என்ன என்று சொல்லவில்லை.
கண்ணாடியைத் துடைத்து இன்னொரு முறை எண்ணினேன்.
ஒன்று புள்ளி எட்டு என்றே எழுதினேன்.
பின்டோ அதன் பிறகு
மேடம் என்று கூப்பிடுவதில்லை.

சல்லடையின் அடித்தட்டில்
ஒருநாள் ஓர் இலைத் துணுக்கு,
கட்டைவிரல் நகம் அளவு.
திருப்பினால் பழுப்புக் கொப்புளங்கள்.
துரு நோய்.
கல்லூரித் தேர்வில் படம் வரைந்து
பாகங்களைக் குறிக்கச் சொன்னார்கள், ஐந்து மதிப்பெண்.
நான் நாலரை.
வயலில் பார்த்ததே இல்லை.

அறிக்கையைப் படித்த துறைமுக மேலாளர்
ஓடி வந்து கேட்டார்:
"இந்தத் துரு நம்ம கிரேனுக்குப் பரவுமா?"
சிரிக்கவில்லை நான்.
கொக்கி, சங்கிலி, கப்பலின் வயிறு,
என் குளியலறைக் குழாய் வரை
இந்தக் கரையில் எல்லாம் துருதானே.
"இதுக்கு உயிருள்ள இலை வேணும் சார்" என்றேன்.
சன்னல் வழியே வெளியே பார்த்தார்.
கான்கிரீட், மணல், கானல்.
நிம்மதியாகப் போய்விட்டார்.

ஆகஸ்ட் இரவில் கதவைத் திறந்தால்
மூக்குக்கண்ணாடி வேர்த்துவிடும்.
கப்பல் அறைக்குள் இறங்கிக் கூட்டுகிற ஷொஃபிகுல்
மஞ்சளான முகமூடியோடு ஏறி வந்து
படியில் உட்கார்ந்து இருமுவான்.
படிவத்தில் இருபத்தொரு கட்டங்கள்.
ஈரப்பதம், உடைசல், கல், பிற தானியம்...
மாதிரிப் பையைக் கொடுத்துவிட்டு
தண்ணீர் கேட்பான்.

பூஞ்சை எது என்று உறுதி சொல்ல
ஏழு நாள் வேண்டும்.
நனைத்த தாளில் நூறு மணிகளை வரிசையாய் வைத்து
மூடிக் காத்திருக்கவேண்டும்.
கப்பல் நாலாம் நாளே போய்விட்டது.
சரக்கு அரைபட்டு, பிண்ணாக்காகி
பர்காவில் கோழிகள் கொத்திக்கொண்டிருக்கையில்
என் பதில் தயாரானது.
சாம்பல் நிறப் பஞ்சு, பன்னிரண்டு மணிகளில்.
கறுப்புப் புள்ளிகள், ஏழில்.
அறுபத்தொன்று முளைத்திருந்தன.
ஊதாத் தோலைத் தொப்பி மாதிரி தள்ளிவிட்டு
ஒன்று
இரண்டு பச்சை இலைகளை விரித்திருந்தது.
உயிருள்ள இலை.

வெளியூர் விதை எதுவும் இங்கே
உயிரோடு வெளியேறக் கூடாது.
நூற்று இருபத்தொரு டிகிரி, பதினைந்து நிமிடம்,
நீராவிக் கலத்தில்.
நானே பூட்டினேன்,
நானே கையெழுத்திட்டேன்.

பூட்டைத் தளர்த்தியதும்
அறையெல்லாம் வாசனை.
பக்கத்து மேசையிலிருந்து ஹமூத்
பேனாவைக் கீழே வைத்துவிட்டு
மூக்கை உறிஞ்சினான்.
"இன்னிக்கு என்ன சமையல்?"

சுண்டல் என்று சொல்ல வந்து
அரபியில் சொல் கிடைக்காமல்
உப்பு போடவில்லை என்றேன்.